கூட்டத்துக்குள் ஒரு ரேப் ரெக்கோடர்

மேடைக் கச்சேரி ஒன்றை இரண்டு இடங்களில் இருந்து பதியலாம். மிக்சரிலிருந்து வயர் இழுத்து நேரே பதிவது ஒரு முறை. கூட்டத்துக்குள் இருந்துகொண்டு காற்றில் வருவதைப் பதிவது மற்றது. முதல் முறையில் பாடகரின் குரலும் கிற்றாரும் கீபோர்ட்டும் சுத்தமாக வரும். ஆனால் அந்த இடத்தில் யாரும் கேட்காத ஒரு ஒலி அது. இரண்டாவதில் பக்கத்திலிருப்பவரின் இருமல், கச்சான் விற்பவரின் குரல், பாட்டு முடியுமுன் எழும் விசில் எல்லாம் கலந்து வரும். ரசிகர் பதிவு என்று சொல்லப்படுவது இதுதான். ஒலியியல் படிப்பவருக்கு இரண்டாவதுதான் அதிகம் சொல்லும். கேட்டவர் எங்கே நின்றார், ஒலிபெருக்கி எவ்வளவு தூரத்தில் இருந்தது, மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பதுவரை அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கலாம்.

நேரடி நிகழ்ச்சியைக் காற்றிலிருந்து பதியும் பழக்கத்துக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வயது. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒப்பராவின் நூலகராக இருந்த லயனல் மேப்பிள்சன், 1900 முதல் 1904 வரையில் எடிசனின் மெழுகு உருளைப் பொறியை மேடைக்கு மேலே ஏற்றிவைத்து, நடந்துகொண்டிருந்த நிகழ்ச்சிகளைத் துண்டு துண்டாகப் பதிந்தார். ஜோன் டி ரெஸ்கே என்ற புகழ்பெற்ற பாடகரின் குரல் இன்று எஞ்சியிருப்பது அந்தக் கீறல் விழுந்த உருளைகளில் மட்டுமே. ரொக் இசை வந்தபின் இது ஒரு தனி உலகமாயிற்று. மைக் மிலார்ட் என்ற ரசிகர், நடக்கக் கூடியவராக இருந்தும், ரெக்கோடரை மறைப்பதற்காகச் சக்கர நாற்காலியில் போய் 1977 யூனில் லொஸ் ஏஞ்சலிஸில் லெட் செப்பெலின் குழுவைப் பதிந்தார். கிரேற்ஃபுல் டெட் குழு இதற்கு எதிர்வழி சென்றது: 1984 ஒக்ரோபரில் தொடங்கி, பதிபவர்களுக்கென்றே அரங்கில் தனியிடம் ஒதுக்கி நுழைவுச்சீட்டும் விற்றது. திருட்டுத்தனமாகச் செய்யப்பட்டதற்கு வரிசையும் நாற்காலியும் கிடைத்தன.

தமிழர்களுக்கும் இது புதிதல்ல. மதுரை மணி ஐயரின் பாட்டு இன்று இத்தனை பேருக்குக் கிடைக்கிறதென்றால், அதில் பெரும் பங்கு ரசிகர்கள் கச்சேரிகளில் பதிந்து கைமாற்றிய ஒலிநாடாக்களுக்கு உண்டு. ஈழத்தில் அளவெட்டியைச் சேர்ந்த தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தியின் (1933–1975) வாசிப்பும் கோயில் வீதிகளில் பதிந்த நாடாக்கள் வழியாகப் பரவியது. அம்ஷன் குமார் 2015இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்திய தேசிய விருது பெற்றது. மின்சாரக் கிற்றாரும் ட்ரம்சும் வைத்த குழுக்கள் 1970களில் பெருகின. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாடல்களை வீடு வீடாகக் கொண்டுபோன காலம் அது. அதன்பின் திருவிழா என்றால் மேளக்கச்சேரிக்குப் பிறகு ஒரு கோஷ்டி இருந்தே ஆக வேண்டும் என்றாயிற்று. கோஷ்டி என்று ஊரார் சொன்ன அந்த மெல்லிசைக் குழுக்கள்தாம் வடக்கின் ரொக் பான்ட்.

இப்படியான கோஷ்டிகள் பாடிய வன்னிப் பகுதியில் இருக்கிறது மாங்குளம்: கண்டி வீதியில் முல்லைத்தீவுக்கு ஏ-34 வீதி பிரியும் சந்தி. வடக்கு ரயில் பாதையில் ஒரு நிலையம். சுற்றிலும் காடும் குளமும் வயலும். 1990இல் போர் அங்கே கடுமையானபோது ரயில் நின்றது. மீண்டும் ஓடியது 2013இல். இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் வன்னிக்கு வழங்கல் மின்சாரம் கிடையாது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ரோர்ச் பற்றரிகூடத் தடைப்பட்டியலில் இருந்தது. ஆனாலும் திருவிழாக்கள் நின்றுபோகவில்லை. வற்றாப்பளை கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கும், புளியங்குளத்துக்கு அருகே புதூர் நாகதம்பிரான் பொங்கலுக்கும் சனம் சேர்ந்தது. ஊர்க்கோயில்களில் கோஷ்டி பாட, ரேப் ரெக்கோடரை மடியில் வைத்துக்கொண்டு சிலர் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுடைய கசற்றுகளில் பதிந்தது என்ன என்பதை மேடையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

மேடையின் ஒலி முதலில் சவுண்ட் சேர்விஸ்காரரின் புனல் வடிவ ஒலிபெருக்கிக்குள் புகுகிறது. பனையிலும் கம்பத்திலும் கட்டித் தொங்கும் இந்தப் புனல்கள் மின்வலுவைச் செட்டாகப் பயன்படுத்துபவை. சாதாரண ஒலிபெருக்கி தனக்குக் கிடைக்கும் மின்வலுவில் ஒன்றிரண்டு வீதத்தையே ஒலியாக மாற்றுகிறது. நல்ல புனல் அதைப்போல் பல மடங்கு மாற்றும். சிறிய ஜெனரேற்றரில் ஊர் முழுக்கக் கேட்கச் செய்வதற்கு இதைவிட வழியில்லை. இதற்கு ஒரு விலை உண்டு. புனலின் வாய் எவ்வளவு அகலமோ அதைப் பொறுத்தே அது வெளிவிடும் தாழ்ந்த மீடிறன் அமையும். ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே சாதாரணப் புனல் கைவிட்டுவிடும். பேஸ் கிற்றாரின் அடிப்படை ஒலிகள் 41 ஹேர்ட்ஸிலேயே தொடங்குகின்றன. ஆகவே வன்னித் திருவிழாப் பதிவுகளில் பேஸ் கேட்காவிட்டால் அதற்கு ரெக்கோடர் பொறுப்பல்ல; அந்த ஒலி காற்றுக்கே வரவில்லை. ஆனாலும் கேட்பவர் பேஸ் வாசிப்பை ஓரளவு பின்தொடர முடிகிறது. 82, 123, 164 என்று மேலே அடுக்கப்படும் இசையங்களில் உயர்ந்தவை மட்டும் காதுக்கு வந்தாலும், அவற்றின் இடைவெளியிலிருந்து மூளை அடிப்படை ஒலியைத் தானே கட்டிக்கொள்ளும்.

அடுத்தது காற்று. முப்பது பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீற்றர் அளவில் ஓடுகிறது. ஒருவரிலிருந்து 10 மீற்றரில் ஒரு புனலும் 45 மீற்றரில் இன்னொன்றும் இருந்தால், ஒரே சொல் அவருக்கு நொடியின் பத்திலொரு பங்கு இடைவெளியில் இரண்டு தரம் வந்து சேரும். இடைவெளி நொடியின் இருபதிலொரு பங்குக்குள் இருந்தால் காது இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அதைத் தாண்டினால் எதிரொலியாகக் கேட்கும். பழைய கசற்றுகளில் அறிவிப்பாளரின் குரல் இரட்டித்துக் கேட்பது இதனாலேயே. அந்த இடைவெளியை அளந்தால், பதிந்தவருக்கு இரண்டு புனல்களும் இருந்த தூரத்தின் வித்தியாசத்தை மீற்றரில் சொல்லிவிடலாம்.

இரவு இன்னொரு வேலையும் செய்கிறது. வானம் தெளிந்த இரவில் தரை விரைவாகக் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே சூடான காற்று. சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடுவதால், மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கே இறங்குகிறது. பகலில் பக்கத்து ஊருக்கே எட்டாத பாட்டு நள்ளிரவில் மைல்களைத் தாண்டிக் கேட்பதன் காரணம் இதுதான். வீட்டு முற்றத்தில் ரெக்கோடரை வைத்துப் பதிந்தவர்களும் உண்டு. அந்தப் பதிவுகளில் காற்று அசையும்போதெல்லாம் பாட்டு மங்கித் தெளியும். சில்வண்டுகள் மட்டும் ஒரே அளவில் கத்திக்கொண்டிருக்கும்.

கூட்டத்தின் நடுவில் இருந்து பதிபவருக்குச் சிக்கல் வேறு. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும். ஒரு மீற்றரில் 110 டெசிபெல் தரும் புனல் 30 மீற்றரில் 80 டெசிபெல்தான். ஒரு மீற்றரில் இருந்து கத்திப் பேசுபவரின் குரலும் ஏறக்குறைய அவ்வளவுதான். மேடையும் பக்கத்து ஆளும் நாடாவில் சரிசமமாகிவிடுகிறார்கள். அங்கே இருந்து கேட்டவருக்கு இது தொந்தரவாக இருந்திராது. இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டு மூளை வேண்டிய திசையை மட்டும் பொறுக்கி எடுக்கும். இரைச்சலுக்குள் ஒரு குரலைப் பொறுக்கும் இந்தத் திறனை 1953இல் கொலின் செரி என்ற ஆய்வாளர் சோதனைகளால் காட்டினார். ஒற்றை மைக் உள்ள ரெக்கோடருக்குத் திசை தெரியாது. பதியும்போது இடைஞ்சலே இல்லை என்று நினைத்தவர், வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் இரண்டு வரிசை தள்ளி நடந்த கலியாணப் பேச்சு முழுவதும் கேட்கும்.

உள்ளூர்க் கடைகளில் வாங்கிய ரெக்கோடர்களில் பெரும்பாலானவற்றில் ஒலி அளவைக் கையால் சரிசெய்ய முடியாது. உள்ளே ஒரு தானியங்கிச் சுற்று இருக்கும். ஒலி கூடினால் அது பெருக்கத்தை உடனே குறைக்கும். ஒலி ஓய்ந்தபின் சில நொடிகள் எடுத்து மெல்ல ஏற்றும். திருவிழாவில் இதன் விளைவை நன்றாகக் கேட்கலாம். பாட்டு நடக்கும்போது வீதியில் ஒரு வெடி போடுகிறார்கள். வெடிச்சத்தம் நாடாவில் பெரிதாகத் தெரியாது, ஒரு தட்டல்போலத்தான் இருக்கும். ஆனால் அந்த நொடியில் பாடகர் எங்கோ கிணற்றுக்குள் இறங்கியதுபோல அமுங்கி, சில நொடிகளில் மெல்ல மேலே வருவார். பாட்டு முடிந்ததும் எதிர்மாறு: மேடை அமைதியாக, சுற்று பெருக்கத்தை ஏற்ற, கூட்டத்தின் கசமுசாவும் தூரத்து ஜெனரேற்றரும் வீங்கி எழும். தவில் பதிவுகளில் இது மோசமான சேதம். வலந்தலையின் ஒவ்வொரு வெட்டும் அடுத்து வரும் மெல்லிய அடியை விழுங்கிவிடுகிறது.

இனி நாடா. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கசற்றில் 3.81 மில்லிமீற்றர் அகலமான பிளாஸ்ரிக் நாடா நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடுகிறது. அதன்மேல் பூசிய இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகள் காந்தமாகி ஒலியின் வடிவத்தை வைத்துக்கொள்கின்றன. நூறு ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் அரை மில்லிமீற்றர் நீளம். பத்தாயிரம் ஹேர்ட்ஸ் ஒலியின் அலை ஒரு மில்லிமீற்றரின் இருநூறிலொரு பங்கு. நாடாவைத் தொடும் தலையில் தூசி படிந்தாலோ, அந்தத் தலை மயிரிழையளவு சரிந்திருந்தாலோ முதலில் காணாமல்போவது இந்தச் சிறிய அலைகள்தாம்: தாளத்தட்டின் மினுக்கம், பாடகரின் ‘ச’கரம். இன்னொன்று நாடாவின் தடிப்பு. ஒரு பக்கம் 30 நிமிடம் ஓடும் சி-60இல் நாடா 18 மைக்ரோமீற்றர். 45 நிமிடம் ஓடும் சி-90இல் 12. மெல்லிய நாடாவில் சுற்றுக்குச் சுற்று காந்தம் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் இன்னும் வேகமாக. பாட்டு தொடங்குமுன்பே அதன் முதற்சொல் பேய்க்குரல்போல லேசாகக் கேட்பதற்கு இதுவே காரணம். கச்சேரி நீளமென்பதால் பதிபவர்கள் சி-90ஐ விரும்பினார்கள். தகரக் கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகும் நாடாவுக்கு அது நல்ல தெரிவல்ல.

மின்சாரத்தின் கதை வன்னிக்கே உரியது. கோயிலில் ஜெனரேற்றர் இருக்கும்; வீட்டில் கேட்பதற்கு என்ன செய்வது? சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரெக்கோடருக்கு வயர் கொடுத்தார்கள். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வற்று அளவானது. நான்கு ரோர்ச் பற்றரியில் ஓடும் பெட்டிக்கு 6 வோல்ற் போதும். மிதியை நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் டயரின் விளிம்பு நொடிக்கு ஐந்து மீற்றர் அளவில் ஓடும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறிய உருளை அதே நொடியில் எண்பது தரமளவில் சுழலும். வெளிவருவது சில நூறு ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். அதை நேரோட்டமாக்க நான்கு இருவாயிகளும், அலைவைத் தட்டையாக்க ஒரு கொள்ளளவியும் வேண்டும். கொள்ளளவி சிறிதானால் பாட்டோடு ஒரு கீச்சொலியும் வரும். டைனமோவுக்குள் ஒரு நற்குணமும் இருக்கிறது. வேகம் கூடினால் மின்னழுத்தம் கூடத்தான் பார்க்கும். ஆனால் மீடிறனும் சேர்ந்து கூடுவதால் சுருளின் தடுப்பும் கூடி, ஓட்டம் அரை அம்பியரளவில் நின்றுவிடும். சுற்றுபவர் உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினாலும் பெட்டி எரிந்துபோகாமல் தப்பியதில் இதற்கும் பங்குண்டு. களைத்து மெதுவாகச் சுற்றினால் மட்டும் தப்ப வழியில்லை: மோட்டர் தளர்ந்து, பெண்குரல் ஆண்குரலாகும்.

பதியும்போது மின்சாரம் தளர்ந்தால் பிழை எதிர்த்திசையில் வரும். வெயிலில் காயவைத்து உயிர்ப்பித்த பற்றரியோடு ஒருவர் பதியத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நேரம் போகப்போக மோட்டர் மெதுவாகிறது. ஒரே நொடிப் பாட்டு வரவரக் குறைந்த நீள நாடாவில் அடைபடுகிறது. பின்னர் அதைச் சரியான வேகத்தில் ஓடும் பெட்டியில் போட்டால் பாட்டு போகப்போக ஏறிக்கொண்டே போகும். வேகம் ஆறு வீதம் பிசகினால் சுருதி அரைச்சுரம் மாறும். ஒரு பக்கம் முடிவதற்குள் பாடகர் அரைச்சுரம் ஏறிவிட்டதாகத் தோன்றினால், பாடகரைப் பாராட்டவோ திட்டவோ தேவையில்லை, பற்றரிதான் செத்துக்கொண்டிருந்தது.

இந்த வேகப் பிழையைத் திருத்தும் வேலை சுவாரசியமானது. வழங்கல் மின்சாரம் உள்ள ஊர்களில் எடுத்த பதிவுகளில், சுற்றுக்குள் புகுந்துவிடும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலே அளவுகோலாக உதவும். அது 52 என்று காட்டினால் நாடா நான்கு வீதம் வேகமாக ஓடுகிறது. வன்னிப் பதிவில் இதை அப்படியே நம்ப முடியாது. ரெக்கோடரைக் கோயில் ஜெனரேற்றரில் செருகியிருந்தாலும், ஜெனரேற்றரின் மீடிறன் சுமையைப் பொறுத்து 49க்கும் 52க்கும் இடையில் ஆடக்கூடியது. வேறொரு சாட்சி வேண்டும். கீபோர்ட் அந்தச் சாட்சி. இலத்திரன் கீபோர்ட்டின் சுருதி உள்ளே இருக்கும் பளிங்கின் அதிர்வால் கட்டப்பட்டது. மின்னழுத்தம் ஆடினாலும் அசையாது. அதில் ஒரு கட்டை 440 ஹேர்ட்ஸ் என்றால் அடுத்தது 466, முந்தையது 415. இடையில் எதுவும் இல்லை. எண்ணிமமாக்கிய நாடாவில் ஒரு கட்டையின் ஒலி 462 என்று காட்டுகிறது, இரைச்சல் 53 என்று காட்டுகிறது என்போம். உண்மை 440 ஆனால் நாடா ஐந்து வீதம் வேகம், இரைச்சல் 50.5 ஆகும். உண்மை 466 ஆனால் இரைச்சல் 53.5 ஆகிவிடும், 415 ஆனால் 47.6. ஜெனரேற்றர் பின்னைய இரண்டிலும் ஓடியிருக்க வாய்ப்பில்லை. ஆகவே 440. தனித்தனியே நம்ப முடியாத இரண்டு தடயங்கள் சேர்ந்து ஒரே விடையைத் தருகின்றன. நாதஸ்வரப் பதிவில் இந்த வசதி கிடையாது. ஒவ்வொரு நாதஸ்வரத்துக்கும் அதன் சுருதி. வாசிப்பவரின் ஊதலுக்கும் அது அசையும்.

எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்பதில் மயக்கம் கூடாது. வேகம், தலையின் சாய்வு, நிலையான இரைச்சல் ஆகியவை திருத்தக்கூடியவை. புனல் வெளிவிடாத பேஸ், தானியங்கிச் சுற்று விழுங்கிய தவிலடி, நாடாவில் ஏறாத மினுக்கம்: இவை போனது போனதே. இப்போது சில மென்பொருள்கள் இல்லாத ஒலியைக் கற்பனை செய்து நிரப்பித் தருகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆவணமாக அதை வைக்க முடியாது.

கசற் பிழைத்ததற்கு அதன் தரம் காரணமல்ல, பிரதிகளே காரணம். நாடாவிலிருந்து நாடாவுக்கு ஒருமுறை பிரதி எடுத்தால் இரைச்சல் வலு இரட்டித்து 3 டெசிபெல் கூடும். வேகப் பிழைகளும் சேரும். நான்காம் ஐந்தாம் கைக்குப் போன பிரதியில் பாட்டைவிடச் சீறலே முன்னுக்கு நிற்கும். ஆனால் 2009இன் இடப்பெயர்வில் வன்னி வீடுகளில் இருந்த மூலப்பிரதிகள் வீட்டுச் சாமான்களோடு போய்விட்டன. முன்னரே வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிய தேய்ந்த பிரதிதான் பல பாட்டுகளுக்கு மிச்சம்.

கைப்பேசி வந்தபின் ஒரே கச்சேரிக்கு ஆயிரக்கணக்கான பதிவுகள். 2023 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் சந்தோஷ் நாராயணனின் இலவசக் கச்சேரியும், 2024 பெப்ரவரியில் அதே இடத்தில் தடுப்புகளைத் தாண்டிக் கூட்டம் புகுந்து குழப்பமாகிய ஹரிஹரனின் கச்சேரியும் அப்படிப் பதிவானவை. ஒவ்வொன்றும் அரைகுறை, சேர்த்தால் நிலைமை மாறும். ஒவ்வொருவரின் பக்கத்து ஆளும் வேறு, பாட்டு ஒன்று. நான்கு பதிவுகளை நேரம் பொருத்திக் கூட்டினால் பாட்டுக்கு எதிரான இரைச்சல் 6 டெசிபெல்வரை இறங்கும். பொருத்துவதுதான் கடினம். கைப்பேசிக் கடிகாரம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே ஒரு மணித்தியாலத்தில் 72 மில்லிநொடி விலகிவிடும்; தாளம் இரட்டிக்க அது போதும். ரேடியோஹெட் குழு 2009 ஓகஸ்ற்றில் பிராக் நகரில் நடத்திய கச்சேரியை ரசிகர்கள் பல கமராக்களில் எடுத்துத் தொகுத்தபோது, குழுவே தன் ஒலிப்பதிவைக் கொடுத்து உதவியது. அப்படி உதவி கிடைப்பது அருமை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கலைஞரின் நேரடி நிகழ்ச்சியைப் பதியவிடும் உரிமையை அவர் கையில் வைத்திருக்கிறது. பதிவை வெளியிட நினைப்பவர் குழுவிடம் கேட்பதே முறை.

ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டம் நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேர்க்கிறது. பழைய கசற் வைத்திருப்போர் அதைக் கண்ட பெட்டியில் போட்டுப் பார்க்காமல், தலையைத் துடைத்த நல்ல பெட்டியில் ஒரேயொரு முறை ஓடவிட்டு, அந்த ஓட்டத்திலேயே சுருக்கம் இல்லாத கோப்பாகக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். கோயில், திருவிழா, ஆண்டு, கோஷ்டியின் பெயர், பதிந்தவர் இருந்த இடம் ஆகியவற்றைத் தெரிந்தமட்டில் கோப்போடு எழுதிவைக்க வேண்டும். அதற்கும் முன்னதாக, கசற்றின் முதுகில் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்ரிக் தகடுகளையும் உடைத்துவிட வேண்டும். அவை இருக்கும்வரை கைதவறி ரெக்கோட் கட்டையை அழுத்தினால் பழைய பாட்டு அழிந்துவிடும்.